கொடுத்த உயிரும் கொள்ளப்பட்ட உயிரும்: போரில் மாண்டாரை நினைத்தலும் கிறிஸ்தவத் தியாக இலட்சியமும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சைக்குச் செல்லும் சாலையில், அரியமங்கலத்துக்கும் திருவெறும்பூருக்கும் இடையே அமைந்த காட்டூரையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் இன்று காண்பவர், அங்கே யுத்தத்தின் சுவடு எதனையும் எளிதில் கண்டுகொள்ள மாட்டார். ஆயினும் அதற்கு மேற்கேயுள்ள பொன்மலையின் அடிவாரத்தில் 1753ஆம் ஆண்டு ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும், அவரவர்க்குத் துணைநின்ற சுதேசப் படைகளோடு கடும்போர் புரிந்தனர். தளபதிகளின் பெயர்களை விரிவாகச் சொல்லும் சரித்திர நூல்கள், அங்கே மடிந்த சிப்பாய்களின் பெயர்களைச் சொல்வதில்லை. அதற்கு நூற்றறுபது ஆண்டுகளுக்குப்பின் மூண்ட முதல் உலகப் போருக்குச் சென்ற திருச்சிக்காரருக்கோ, காந்தி சந்தைப் பக்கத்தில் ஞாபகச் சின்னம் ஒன்று எழும்பிற்று. இவ்வூரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குப் போனார்கள், அவர்களுள் இத்தனை பேர் தம் உயிரைக் கொடுத்தார்கள் என்னும் கருத்துடைய வாசகம், அக்காலத்தில் இந்தியக் கிராமங்களிலும் பட்டணங்களிலும் அரசாங்கத்தார் பதித்த கற்களில் ஏறத்தாழ மாறுதலின்றி வருகிறது.

மாதம் 11 ரூபாய்ச் சம்பளத்திற்குப் படையில் சேர்ந்து, தான் கண்டிராத தேசத்தில், தான் அறிந்திராத பகைவனால் கொல்லப்பட்ட ஒருவனைக் கொடையாளியாகக் காணும் இந்தப் பார்வை எங்கிருந்து வந்தது? அது சிலுவையை நடுவில் வைத்த ஒரு சமயத்தின் சிந்தனையிலிருந்து வந்தது என்பதில் பெரும்பாலும் கருத்து வேறுபாடில்லை. போர்வீரனுடைய மரணத்துக்கு அந்தச் சிந்தனை உண்மையில் பொருந்துமா என்பதிலேதான் ஏறத்தாழ 1700 ஆண்டுகளாக விவாதம் நடந்து வருகிறது. அவ்விவாதத்தின் முக்கியமான கட்சிகளையும், அவை பிறந்த சூழ்நிலையையும், அவற்றின் குறைகளையும், நம் நாட்டின் அனுபவத்தோடு வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரத்தசாட்சியும் போர்வீரனும்

கிறிஸ்தவ மார்க்கத்தின் மையத்தில் நிற்பது ஒரு மரணம். பிறரைக் கொல்லாமல், பிறரால் கொல்லப்பட்டு, கொன்றவர்களுக்காக மன்றாடி முடிந்த மரணம். நண்பர் பொருட்டு உயிரை ஈதலே அன்பின் சிகரம் என்ற கருத்துப்பட யோவான் சுவிசேஷத்தின் 15ஆம் அதிகாரத்தில் வரும் வசனம், பிற்காலத்தில் மேல்நாட்டுப் போர்ச் சின்னங்களிலே மிகுதியாகப் பொறிக்கப்பெற்ற வசனங்களுள் ஒன்றாயிற்று. அது சொல்லப்பட்ட இடத்தை மறந்துவிடலாகாது. கடைசி இராவுணவின்போது சீஷர்களுக்குச் சொன்னது அது. அதே இரவில், தம்மைக் காப்பதற்காக வாளை உருவிய பேதுருவைக் கிறிஸ்து தடுத்தார் என்று அதே சுவிசேஷம் சொல்கிறது.

ஆதித் திருச்சபை யாரைப் பலிக்கு ஒப்பிட்டது என்பது தெளிவு. 295ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவில் மாக்சிமிலியன் என்னும் இளைஞன், தான் கிறிஸ்தவனாதலால் ரோமானியப் படையில் சேர இயலாது என்று சொல்லி மரண தண்டனை ஏற்றான். அவன் இரத்தசாட்சியாக நினைக்கப்பட்டான். அடுத்த நூற்றாண்டில் தூர் நகரத்து மார்த்தீன், படையில் இருந்தவர், தாம் கிறிஸ்துவின் சேவகராதலால் போர் செய்யலாகாது என்று விலகினார்; அது கோழைத்தனம் என்று பழிக்கப்பட்டபோது, ஆயுதமின்றி முன்னணியில் நிற்க முன்வந்தார் என்று அவருடைய சரித்திரம் கூறுகிறது. அவருடைய திருநாள் நவம்பர் 11. முதல் உலகப் போர் ஓய்ந்த அதே தேதியாதலால், அந்நாளின் போர் நினைவு ஆராதனைகளை நடத்தும் சபைகள், ஆயுதத்தைக் கீழே வைத்த ஒருவரின் திருநாளிலேயே அவற்றை நடத்துகின்றன.

பேரரசு கிறிஸ்தவமான பிறகு நிலை மாறிற்று. நியாயமான யுத்தம் உண்டு என்று அகஸ்தீன் முதலானோர் வாதித்தனர். அப்போதும், போரில் கொல்வதை மன்னிப்பதும் போரில் சாவதைப் பரிசுத்தமாக்குவதும் வேறுவேறு என்னும் உணர்ச்சி நெடுங்காலம் நிலைத்திருந்தது. நான்காம் நூற்றாண்டில் பேசில் என்னும் ஆயர், போரில் கொன்றவர்கள் கொலைகாரராக எண்ணப்படாவிட்டாலும், கை தூய்மையற்றவராதலால் மூன்று ஆண்டுகள் நற்கருணையிலிருந்து விலகியிருப்பது நலமாகலாம் என்று எழுதினார். பத்தாம் நூற்றாண்டில், படைத்தலைவராயிருந்து பைசாந்தியச் சக்கரவர்த்தியான இரண்டாம் நிக்கேபோரஸ், யுத்தத்தில் மடிந்த தம் வீரர்களை இரத்தசாட்சிகளாகத் திருச்சபை கௌரவிக்கவேண்டும் என்று கேட்டார். பிரதம ஆயர் பொலியூக்தசும் பிற ஆயர்களும் பேசிலின் அந்த விதியைக் காட்டி மறுத்துவிட்டனர். ஒரு சக்கரவர்த்தி கேட்டும் கிடைக்காத அந்தப் பட்டம், ஆயிரம் ஆண்டுகளுக்குப்பின் கேளாமலே கிடைத்தது என்பது இவ்விஷயத்தின் சரித்திரத்தில் மிகவும் சிந்திக்கத்தக்கதென்று நமக்குத் தோன்றுகிறது.

மேலைத் திருச்சபையிலே தாமஸ் அக்குவினாஸ் நடுவழி ஒன்றைக் கண்டார். சாட்சி மரணத்துக்குக் காரணம் இறைவன்பால் உள்ள பற்றே. ஆயினும் தேச நன்மை போன்ற மானிட நன்மையும் இறைவனை நோக்கியதாய் அமையுமானால் அதுவும் காரணமாகலாம் என்பது அவர் கருத்து. இறைவனை நோக்கியதா அன்றா என்பதை இறந்தவனுடைய உள்ளத்திலன்றி வேறெங்கும் காணவியலாது; ஆகவே இந்த வழி தத்துவத்தில் சீரியதாயினும், கல்லில் பெயர் பொறிக்க வருபவருக்கு உதவி செய்வதில்லை.

தமிழகத்தின் தென்கோடியில் இவ்விரு மரபுகளும் இரண்டு மனிதராக அருகருகே நின்றன. 1741இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பின் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படைத்தலைவரான டி லென்னாய் ஒருவர். அவரால் கிறிஸ்துவை அறிந்து, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியையடுத்த காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்த அரசாங்க அலுவலர் தேவசகாயம் பிள்ளை மற்றவர். 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டவர் சீடர். ஆசானாகிய படைத்தலைவர் உதயகிரிக் கோட்டைக்குள் கல்லறையில் இருக்கிறார். அக்கல்லறையில் அவருடைய சேவையும் வெற்றிகளும் சொல்லப்பட்டிருக்கின்றன. அவரை அடக்கம் செய்தவர்கள் அவருடைய வாழ்வைக் கல்வாரியோடு ஒப்பிட முற்படவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவருக்கு வீரம் வேறு, சாட்சி வேறு என்பது சொல்லாமலே விளங்கியிருந்தது.

திருச்சியிலும் இதற்கொரு சான்று உண்டு. 1826 ஏப்ரல் 3 அன்று இந்நகரில் நீராடும்போது காலமாகி, கண்டோன்மென்டிலுள்ள தூய யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்ட கல்கத்தா ஆயர் ரெஜினால்டு ஹீபர் ஞானப்பாட்டு இயற்றுவதில் வல்லவர். அவர் மறைந்தபின் 1827இல் வெளியான தொகுப்பில், தேவகுமாரன் யுத்தத்துக்குப் புறப்படுவதாகத் தொடங்கும் பாட்டு ஒன்று இருக்கிறது. முதலடியைக் கேட்டுப் பட்டாளத்தார் பலர் அதனைத் தம் பாட்டாகவே கொண்டனர். ஆனால் முதல் இரத்தசாட்சியாகிய ஸ்தேவானின் திருநாளுக்கென்று எழுதப்பட்ட அப்பாட்டில் கிறிஸ்துவின் பின்னே அணிவகுத்துச் செல்வோர், கல்லெறியப்பட்டும் வாளுக்கு இரையாகியும் மாண்ட சாட்சிகளேயாவர். கொலை செய்தவர்களுக்காக மன்றாடுபவனே அதில் முதல் வீரன். யுத்தத்தின் மொழி சாட்சிக்கு இரவல் கொடுக்கப்பட்ட காலம் அது. நூறாண்டு கழியுமுன் அந்த இரவல் எதிர்த்திசையில் திரும்பியது.

1914ஆம் ஆண்டின் பிரசங்க பீடங்கள்

முதல் உலகப் போர் அதற்குமுன் ஐரோப்பா கண்டிராத அளவில் இளைஞரை விழுங்கிற்று. பிரிட்டிஷ் அரசாங்கம் சடலங்களைத் தாயகம் கொண்டுவர மறுத்துவிட்டபடியால், இலட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அழுவதற்கு ஒரு கல்லறையும் அருகில் இல்லாமற்போயிற்று. அந்தத் துயரத்துக்கு முன் நின்ற குருமார் தம்மிடமிருந்த மிகப்பெரிய ஆறுதலை எடுத்துக் கொடுத்தனர். 1914 கிறிஸ்துமஸ் சமயத்தில் 'கிராபிக்' இதழ் வெளியிட்ட ஜேம்ஸ் கிளார்க்கின் 'மகா தியாகம்' என்னும் ஓவியத்தில், இறந்து கிடக்கும் இளஞ்சிப்பாய் ஒருவன் சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவின் பாதத்தருகே கிடக்கிறான். அதன் படிகள் ஆலயச் சுவர்களிலும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களிலும் இடம்பெற்றன. லண்டன் ஆயர் வின்னிங்டன் இங்கிராம், இப்போரில் மடியும் ஒவ்வொருவனையும் இரத்தசாட்சியாகவே தாம் கருதுவதாக 1915இல் பிரசங்கித்தார். ஜான் ஆர்க்ரைட் இயற்றிய பாட்டொன்று, வீரர்களின் மரணங்களைக் கிறிஸ்துவின் கல்வாரியைப் பின்தொடரும் சிறு கல்வாரிகளாக வருணித்து நினைவு ஆராதனைகளில் நிலைபெற்றது.

இவர்களை எளிதில் கடிந்துகொள்வது இன்று வழக்கமாகிவிட்டது. அது முற்றிலும் நியாயமென்று சொல்ல நாம் துணியோம். மகனை இழந்த தாயிடம் அவன் மரணம் அர்த்தமற்றதென்று சொல்வதற்கு எந்தக் குருவுக்கும் அதிகாரமில்லை. ஆனால் அந்நாளிலும் அளவறிந்து பேசியவர் இருந்தனர் என்பதைக் குறிப்பிட வேண்டும். ஜெர்மானியர் கைப்பற்றிய பெல்ஜியத்திலிருந்து 1914 கிறிஸ்துமஸ் காலத்தில் கர்தினால் மெர்சியே விடுத்த ஆயர் மடல், போர்வீரன் ஆயுதம் ஏந்தி மடிகிறானாதலால் இறையியலின் கண்டிப்பான பொருளில் அவன் சாட்சி ஆகான் என்று தெளிவாகவே சொல்லிற்று. ஆயினும் அறிந்து உயிரை ஈந்தவனுடைய வீரத்தைக் கிறிஸ்து முடிசூட்டுவார் என்றும், அந்த மனநிலையில் ஏற்ற மரணம் அவன் ஆத்துமாவுக்கு ரட்சிப்பாகும் என்றும் தேற்றிற்று. தன் தேசமே காலடியில் மிதிபட்டிருந்த வேளையில் அந்த வேறுபாட்டை விடாது காத்தவர் அவர். மற்றவர் பலர் அதனைக் கைநழுவ விட்டனர்.

வீரனைச் சாட்சியாக்கிய கட்சியின் குறை இரண்டு. சாட்சி கொல்வதில்லை, சிப்பாய் கொல்கிறான் என்பது முதலாவது. சாட்சி தன் மரணத்தைத் தெரிந்து ஏற்கிறான். கட்டாய ஆள்சேர்ப்பில் அகப்பட்டவனும், வறுமை காரணமாகச் சேர்ந்தவனும், நச்சுக்காற்றில் திணறி உறக்கத்திலே மாண்டவனும் எதனை ஏற்றார்கள் என்பது இரண்டாவது. இவ்விரண்டில் முதலாவதைப் பற்றியே மேல்நாட்டார் மிகுதியாக எழுதினர். நம் நாட்டுக்கு இரண்டாவதே முக்கியமானது.

கல்லில் வடித்த சமரசம்

1917 மே 21 அன்று அரச சாசனத்தால் ஏற்பட்ட போர்க் கல்லறை ஆணையம், இந்தச் சித்தாந்தச் சிக்கலைக் கட்டடக்கலையால் தீர்க்க முயன்றது. ரெஜினால்டு புளூம்பீல்டு வடித்த தியாகச் சிலுவை, கற்சிலுவையின் முகப்பில் கீழ்நோக்கிய வெண்கல வாளைத் தாங்கியது. எட்வின் லட்யென்ஸ் வடித்த நினைவுக்கல்லோ எந்தச் சமயத்துக்கும் உரியதாகாத பீடம். அதில் பொறிப்பதற்கு, பெயர் என்றும் நிலைத்திருக்கும் என்னும் பொருளுடைய வாசகத்தை ருட்யார்ட் கிப்ளிங் சீராக் ஆகமத்திலிருந்து தெரிந்தெடுத்தார். சிலுவையில் வாளைப் பதித்தமை சாட்சியையும் வீரனையும் ஒன்றாக்கிய செயலா, வாளைத் தலைகீழாக நிறுத்தியமை போர் முடிந்ததென்று அறிவித்த செயலா என்பதில் இன்றுவரை இரு கருத்துண்டு.

செல்வன், ஏழை, அதிகாரி, சிப்பாய் யாவர்க்கும் ஒரே அளவான கல் என்று ஆணையம் விதித்தபோது, மூன்று புதல்வரை அப்போரில் இழந்த லேடி புளோரன்ஸ் செசில், சிலுவை வடிவக் கல்லே வேண்டுமென்று ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை முன்வைத்தார். 1920 மே 4 அன்று பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் விவாதம் நடந்தது. ஆணையத்தின் கொள்கையே நிலைத்தது. அந்தத் தாயின் வேண்டுகோளை இரக்கமின்றி வாசிக்க இயலாது. அதே சமயம், எல்லாக் கற்களும் சிலுவைகளாகியிருந்தால், அப்படையில் போரிட்ட இந்துவும் முகம்மதியனும் சீக்கியனும் எங்கே நினைக்கப்பட்டிருப்பர்?

இந்தக் கேள்விக்கு ஆணையம் தந்த விடை இருவகைப்பட்டது. 1927 அக்டோபரில் பிரான்சின் நூவ் சாப்பெல்லில் திறக்கப்பட்ட ஹெர்பர்ட் பேக்கரின் இந்திய நினைவுச் சின்னம், சிலுவையின்றித் தாமரை முடியுடைய தூணைக் கொண்டது. 4,700க்கும் மேற்பட்ட இந்தியர் பெயர்கள் அங்கே இருக்கின்றன. சென்னைச் சாப்பர் படையார் உட்படப் பல தமிழர் போரிட்ட மெசொப்பொத்தேமியாவுக்கென்று பாஸ்ராவில் எழுந்த சின்னத்திலோ, அதிகாரிகள் பெயராலும் இந்தியச் சாதாரண சிப்பாய்கள் படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கையாலும் குறிக்கப்பட்டனர். ஆணையமே 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை, முதல் உலகப் போரில் மாண்ட இந்தியரும் ஆப்பிரிக்கரும் பிறருமாக 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைக்கப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைக்கப்படவேயில்லை என்றும் ஒப்புக்கொண்டது. உயிரைக் கொடுத்தான் என்று புகழப்பட்டவனுடைய பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளாத அந்தப் புகழ்ச்சி, எவ்வளவு உயர்ந்த சமயக் கருத்திலிருந்து புறப்பட்டிருந்தாலும், இங்கே வெறுமையாகிவிடுகிறது.

சென்னை நந்தம்பாக்கத்திலுள்ள போர்க் கல்லறையில் இரண்டாம் உலகப் போரில் இறந்த 856 பேர் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர். பராமரிக்க இயலாத பழைய கல்லறைகளில் கிடக்கும் 1,000க்கும் மேற்பட்ட முதல் உலகப் போர்க்காலத்தவரின் பெயர்களும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. தமிழ்நாட்டில் தியாகச் சிலுவையை நேரிற் காண விரும்புவோர் அங்கே காணலாம்.

மறுப்புகள்

போர்க்களத்திலிருந்தே முதல் மறுப்பு எழுந்தது. புதிய சிப்பாய்களைப் பயிற்றுவிக்கும் தன் வேலையை, கிறிஸ்துவுக்குச் சிலுவை சுமக்கக் கவாத்துக் கற்றுக்கொடுப்பதாக 1918இல் ஒரு கடிதத்தில் வருணித்தார் கவிஞர் வில்பிரட் ஓவன். அதே ஆண்டு நவம்பர் 4 அன்று, போர் ஓய்வதற்கு ஒரு வாரம் முன்பு, அவரும் மடிந்தார். சிப்பாயைக் கிறிஸ்துவாகக் காண்பதை அவர் மறுக்கவில்லை. அவனைச் சிலுவைக்கு அனுப்பியவர் எங்கே நிற்கிறார் என்று கேட்டார். இந்தக் கேள்வியை ஆர்க்ரைட்டின் பாட்டு கேட்கவில்லை.

பிற்கால இறையியலாளருள் அமெரிக்கரான ஸ்டான்லி ஹாவர்வாஸ் மிகக் கடுமையாக வாதிப்பவர். கிறிஸ்துவின் பலி ஒரே தரம் நிறைவேறியதென்பது எபிரெயர் நிருபத்தின் உபதேசம்; ஆதலால் இனித் தேசங்கள் பலி கேட்பதற்கு இடமில்லை என்கிறார் அவர். போர் ஒரு வீரனிடம் கேட்கும் மிகப்பெரிய தியாகம் அவன் உயிரன்று, கொல்ல மனமில்லாத அவனது இயல்பையே பலியிடச் செய்வது என்பதும் அவர் வாதம். உயிரோடு திரும்பி வந்தவர்களின் மௌனத்தை விளக்குவதற்கு இதைவிடத் தக்க கருத்து வேறில்லை என்று எண்ணுகிறோம். சிந்தனையாளர் ரெனே ஜிரார்டு 1972 முதல் எழுதிய நூல்களில், பழிசுமத்திப் பலியிடும் மானிட வழக்கத்தை அம்பலமாக்கியதே சுவிசேஷம் என்று வாதித்ததும் இதற்குத் துணை செய்கிறது. ஆனால் இவர்கள் நெறியிலும் ஒரு தொல்லை உண்டு: பலி முடிந்துவிட்டதென்று இறையியல் சொன்னாலும், பிள்ளையை இழந்த குடும்பத்துக்கு எந்த மொழியில் பேசுவது என்பதை அது சொல்வதில்லை.

வரலாற்றாசிரியரிடையேயும் இருவகைக் கருத்துண்டு. ஜார்ஜ் மோசே 1990இல் வெளியிட்ட நூலில், கிறிஸ்துவின் பாடுகளைத் தேசியவாதம் இரவல் வாங்கி, போரின் கோரத்தை மறைத்து, அடுத்த போருக்கு இளைஞரை ஆயத்தம் செய்தது என்றார். ஜே வின்டர் 1995இல் எழுதிய நூலோ, அந்தச் சின்னங்களை முதன்மையாகத் துக்கம் காத்தவர்களின் தேவையிலிருந்து விளக்கியது. சின்னத்தை எழுப்பியவர் ஒரு நோக்கத்தோடு எழுப்ப, அதன்முன் நின்றவர் வேறொரு நோக்கத்தோடு நின்றிருக்கலாமாதலால், இரண்டும் ஒருங்கே உண்மையாக இருத்தல் கூடும்.

செயலில் காட்டப்பட்ட மறுப்பும் ஒன்று உண்டு. 1982 ஜூலை 26 அன்று, பாக்லாந்துப் போருக்குப்பின் லண்டனில் நடந்த நன்றி ஆராதனையில், கான்டர்பரி பேராயர் ராபர்ட் ரன்சி, இருதரப்பிலும் இழந்தோரின் துயரத்தை நினைவூட்டிப் பிரசங்கித்தார். ஆளுங்கட்சியினர் பலருக்கு அது உவப்பாயில்லை. அவரோ இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் போரிட்டு வீரப் பதக்கம் பெற்றவர். ஹீபரின் பாட்டிலே வரும் ஸ்தேவானின் மன்றாட்டு அன்று ஒருமுறை போர் நினைவு ஆராதனைக்குள் நுழைந்தது.

நடுகல்லின் மறுமொழி

தமிழருக்குப் போரில் மாண்டாரை நினைக்கும் முறை சிலுவையோடு வந்ததன்று. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல் என்று நடுகல் நாட்டும் படிமுறையைத் தொல்காப்பியம் புறத்திணையியலிலே வகுத்துக்காட்டுகிறது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப் பிராமிக் கற்கள், அவ்வழக்கின் தொன்மையை உறுதி செய்தன. பல்லவர் காலத்துச் செங்கம் கற்கள், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டில், யாருடைய சேவகன், எந்தத் தொறுவை (ஆநிரையை) மீட்டு, என்ன பெயருடையவன் பட்டான் என்று சொல்கின்றன. ஓர் எளிய வீரனுக்குச் செங்கத்துச் சிற்றூரார் செய்த இந்த மரியாதையைப் பாஸ்ராவில் ஓர் உலகப் பேரரசு செய்யவில்லை.

இந்த மரபின் அறம் தற்பலியன்று, செஞ்சோற்றுக் கடன். அரசன் சோறிட்டான், வீரன் உயிரால் அக்கடனைக் கழித்தான், கழித்தபின், அரசனும் ஊரும் அவன் குடும்பத்துக்குக் கடன்பட்டவராகி, உதிரப்பட்டி என்று நிலம் விட்டனர். கொடுக்கல் வாங்கல் என்று இதனைத் தாழ்வாக எண்ணுவதற்கில்லை. இருபுறமும் பிணிக்கும் கடமை அது. இங்கேதான் நாம் அழுத்தமாகச் சொல்ல விரும்பும் கருத்து இருக்கிறது. உயிரைத் தானமாகக் கொடுத்தான் என்று ஒருவனைப் புகழும்போது, தானத்துக்கு ஈடு கேட்கும் வழக்கமில்லையாதலால், பெற்றவருடைய கடன் மறைந்துபோகிறது. போருக்கு அனுப்பியவர் புகழ்ச்சியைச் செலுத்திவிட்டுப் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள முடிகிறது. தானமும் பெற்றவரை நன்றியால் கட்டும் என்று இறையியலாளர் மறுமொழி சொல்லலாம்; உண்மையே. ஆனால் அந்த நன்றிக்கு அளவும் தவணையும் குறிக்கப்படுவதில்லை. உதிரப்பட்டிக்கு நான்கெல்லை குறித்தார்கள்.

செஞ்சோற்றுக் கடனை மட்டும் நிறைவான அறமாகக் கொள்ளவும் இயலாது. தமையன் செய்தது அதர்மம் என்று அறிந்தும் அவன் பொருட்டுக் களம்புகுந்த கம்பனின் கும்பகருணனும், பாரதத்துக் கர்ணனும், இக்கடனின் பெருமையையும் அபாயத்தையும் ஒருங்கே காட்டுகின்றனர். சோறிட்டவன் எப்படிப்பட்டவன் என்று கேட்கும் உரிமையை இந்த அறம் வீரனுக்குத் தரவில்லை. மாக்சிமிலியன் அந்த உரிமையைக் கேட்டு எடுத்துக்கொண்டவன். ஆகவே கிறிஸ்தவ மரபு தன் தொடக்கத்தில் வைத்திருந்த மனச்சாட்சியின் விடுதலையும், தமிழ் மரபு கல்லில் எழுதிவைத்த கடனும் ஒன்றையொன்று திருத்தவல்லவை என்று கருத இடமுண்டு.

அவ்வாறு அவை கலந்ததற்குத் திருச்சியிலேயே ஒரு முன்மாதிரியைக் காணலாம். 1762இல் இந்நகருக்கு வந்த கிறிஸ்டியன் பிரெட்ரிக் சுவார்ட்ஸ், மறு ஆண்டு வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்துப் பலர் மாண்டபோது, அநாதைகளான பிள்ளைகளுக்காகப் பள்ளியொன்றைத் தொடங்கினார்; இன்றைய தூய யோவான் வெஸ்ட்ரிப் பள்ளி தன் சரித்திரத்தை அதிலிருந்தே கணக்கிடுகிறது. கோட்டைக்குள் அவர் 1766இல் கட்டிய கிறிஸ்து ஆலயம் இன்றும் நிற்கிறது. திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் ஆதரிப்பதே மாசற்ற பக்தி என்னும் யாக்கோபு நிருபத்தின் உபதேசம், மாண்டாரை நினைப்பதற்கு யோவானின் வசனத்தைப் போலவே உரியதாயினும், நினைவுக் கற்களில் அதனை யாரும் பொறிப்பதாகக் காணோம்.

இலட்சியம் வீடு மாறிய கதை

சுதந்திர இந்தியாவில் தியாகம் என்னும் கருத்து சமய வேலியைத் தாண்டி எங்கும் பரவிற்று. 2019 பிப்ரவரி 25 அன்று டில்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில், 25,000க்கும் மேற்பட்ட பெயர்களைத் தாங்கும் வட்டத்துக்குத் தியாகச் சக்கரம் என்றே பெயர். சக்கரவியூகம் அதன் வடிவத்துக்கு மாதிரி. அபிமன்யுவை நினைக்கும் நாட்டுக்கு அது பொருத்தமானதே. ஹென்றி லைட் 1847இல் எழுதிய, காந்தியடிகளுக்குப் பிரியமான கிறிஸ்தவ மாலைப்பாட்டின் இசை, குடியரசு தின விழாவின் முடிவில் படைகள் பாசறை திரும்பும் நிகழ்ச்சியில் நெடுங்காலம் வாசிக்கப்பட்டு வந்தது. 2022இல் அது நீக்கப்பட்டு, சீனப் போரில் மாண்டாரைப் பாடும் இந்திப்பாட்டின் இசை சேர்க்கப்பட்டது. நீக்கப்பட்ட பாட்டு போரையோ தியாகத்தையோ பேசுவதன்று. மரணத்தருகில் இருப்பவன் இறைவனைத் துணைக்கு அழைப்பது. தியாகத்தைப் பேசாமல் சாவைப் பேசிய ஒரே குரல் அந்நிகழ்ச்சியிலிருந்து விலகியமைக்கு, சமய வேறுபாடு கருதாமலே நாம் வருந்தலாம்.

திருச்சி வட்டாரமும் தியாகிகளை மிகப் பெற்றிருக்கிறது. 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் சுடப்பட்டு மாண்ட ரயில்வேத் தொழிலாளரை அவர்தம் சங்கம் ஆண்டுதோறும் தியாகிகளென்றே நினைக்கிறது. 1964 ஜனவரி 25 அன்று திருச்சியில் மொழிக்காகத் தீக்குளித்த கீழப்பழுவூர்ச் சின்னசாமியும் அப்பெயராலேயே நினைக்கப்படுகிறார். 1999 மே 29 அன்று கார்கில் போரில் பட்டாலிக் பகுதியில் மடிந்து வீர சக்கரம் பெற்ற மேஜர் சரவணனுக்குக் கண்டோன்மென்டில் நினைவுச் சின்னம் உண்டு. சுடப்பட்ட தொழிலாளி, தன்னைத்தான் மாய்த்துக்கொண்டவர், படை நடத்திச் சென்றவர் ஆகிய மூவரும் ஒரே பெயருக்குள் அடங்குவதை நோக்கினால், மெர்சியே காத்த வேறுபாடுகள் நம்மிடையே எவ்வளவு மங்கிவிட்டன என்பது புலனாகும்.

ஈழத்தில் இது மேலும் சிக்கலாயிற்று. 1989 முதல் நவம்பர் 27, போரில் மாண்ட போராளிகளை நினைக்கும் மாவீரர் நாளாக அனுசரிக்கப்பட்டது. பிற்பாடு, பெரும்பான்மையோர் சைவராயினும் மாண்டாரைத் தகனம் செய்யாமல் துயிலும் இல்லங்களில் புதைக்கும் வழக்கம் ஏற்பட்டது. கிறிஸ்தவச் சாட்சிக் கருத்து, தியாகம் பற்றிய இந்தியக் கருத்து, பண்டைத் தமிழ் வீரமரபு ஆகிய பல ஊற்றுகள் இதில் கலந்திருப்பதாகப் பீட்டர் ஷால்க் முதலிய ஆய்வாளர் கருதுகின்றனர். எதன் பங்கு எவ்வளவு என்பதில் அவர்கள் ஒத்துப்போவதில்லை. 2009க்குப்பின் அந்தத் துயிலும் இல்லங்கள் இடித்து நிரவப்பட்டன. போரில் ஈடுபட்டவரைப் புகழ்வது பற்றி எவர் எக்கருத்துக் கொண்டாலும், புதைத்த பிள்ளையின் கல்லறையைப் பெற்றோரிடமிருந்து பறிப்பதற்கு நியாயம் காண இயலாது. லேடி செசில் கேட்டது கல்லின் வடிவம். இந்தத் தாய்மாருக்குக் கல்லே இல்லை.

தியாக இலட்சியத்தின் எல்லைக்கு முற்றிலும் வெளியே நிற்போரும் உண்டு. ஜப்பானியர் 1943இல் முடித்த 415 கிலோமீட்டர் சயாம் பர்மா ரயில் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் காட்டில் மாண்டனர். அதே பாதையில் மாண்ட நேசநாட்டுக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் ஒழுங்காகப் பேணப்படுகின்றன. தொழிலாளர் படைவீரர் அல்லர்; எதையும் கொடுத்தவரும் அல்லர், எல்லாம் பறிக்கப்பட்டவர். கொடுத்தலையே அளவுகோலாகக் கொண்ட நினைவில் அவர்களுக்கு இடமில்லாமற்போனது தற்செயலென்று சொல்லிவிட முடியாது.

எஞ்சி நிற்கும் கேள்விகள்

இதுகாறும் கண்டவற்றிலிருந்து சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். போர்வீரனைச் சிலுவையோடு ஒப்பிடுதல் திருச்சபையின் ஆதி மரபன்று. நெடுங்காலம் தயங்கி, பெருந்துயரத்தின் அழுத்தத்தில் ஏற்றுக்கொண்ட பழக்கம். அது துக்கத்தைத் தேற்றியது என்பதும், அனுப்பியவரின் பொறுப்பை மறைத்தது என்பதும் ஒருங்கே உண்மை.

தீராதவை பல. அறிந்து, விரும்பி, பிறரைக் காப்பதற்காக உயிரை ஈந்த வீரன் ஒருவன் இருந்தால், அவன் கொன்றதும் உண்டு என்ற காரணத்தால் அவன் ஈகையை ஈகையன்று என்று சொல்லலாமா? கூடாது என்று அக்குவினாசின் வழிவந்தோர் சொல்வர். அவனைப் போற்றலாம், அவன் மரணத்தைப் பலிபீடத்தில் வைக்கலாகாது என்று ஹாவர்வாசின் வழிவந்தோர் சொல்வர். இரண்டுக்குமிடையே தீர்ப்புச் சொல்லத்தக்க ஆதாரம் வேதத்திலேயே ஒருமுகமாக இல்லை. கிறிஸ்தவரல்லாத ஒருவனுடைய மரணத்தைக் கிறிஸ்தவ இலட்சியத்தால் அளப்பது அவனுக்குச் செய்யும் மரியாதையா, அவன் சமயத்தை மறந்த செயலா என்பதும் முடிவு பெறவில்லை. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 2 அன்று திருச்சிக் கல்லறைத் தோட்டங்களில் கத்தோலிக்கர் மெழுகுவர்த்தி ஏற்றி மன்றாடுவது இறந்த அனைவர்க்காகவும். அந்தத் திருநாளின் எளிய சமத்துவம் போர் நினைவுக்கும் போதுமானதா, அன்றிப் போரில் மாண்டாருக்குத் தனிநாள் வேண்டுமா என்பதை இறையியலாளர் இன்னும் நன்கு ஆராயவில்லை.

இவற்றைவிட அவசரமான வேலை ஒன்று சித்தாந்திகளின் கையில் இல்லை, பதிவேடுகளைப் புரட்டுவோர் கையில் இருக்கிறது. பாஸ்ராவில் எண்ணாக நின்றவர்களின் பெயர்களைத் தேடும் பணி நடந்து வருகிறது. காட்டூரின் அயலில் 1966 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை நடந்துவரும் இந்த வட்டாரத்தில், இங்கிருந்து போனவர் யார், எந்தப் படைப்பிரிவில், எந்த நாளில், எந்த நாட்டில் மாண்டார், விட்டுச்சென்ற குடும்பத்துக்கு என்ன கிடைத்தது என்று ஊர் ஊராகப் பட்டியல் எடுப்பது இயலாத காரியமன்று. ஆலயங்களின் அடக்கப் பதிவேடுகளும் மாவட்ட ஆவணங்களும் பட்டாளத்துக் கணக்குகளும் அதற்கு வேண்டும். அத்தகைய பட்டியல் கைக்கு வந்தபின்பே, அவர்கள் கொடுத்தார்களா, அவர்களிடமிருந்து கொள்ளப்பட்டதா என்னும் விவாதத்தை அவர்களைப் பெயர்சொல்லி நடத்த முடியும்.